ஒரு இன்டரப்ட் பின்னில நாலு சிப்: லைன் குழப்படி செய்தால் எங்க பாக்கிறது

ஆர்டுயினோ நானோ போட்டில வெளி இன்டரப்டுக்கெண்டு (வெளியில ஒரு சிப் என்னைக் கவனி எண்டு கூப்பிடுற சிக்னலுக்கெண்டு) கிடக்கிறது ரெண்டே ரெண்டு பின், டி2வும் டி3யும். ஒரு கிணத்து மோட்டர் கொன்ட்ரோலர் செய்யிறம் எண்டு வைப்பம், கோண்டாவில், இணுவில், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் செய்யிற மாதிரி: நேரம் பாக்க டிஎஸ்3231, மிதவைச் சுவிச்சும் பட்டன்களும் பாக்க எம்சிபி23017, மோட்டர் மெய்யாவே ஓடுதோ எண்டு அதிர்வு பாக்க எம்பியு6050, தூரத்துத் தாங்கியில இருந்து தண்ணி மட்டம் சொல்ல ஒரு லோரா ரேடியோ மொடியூல். டி3 தண்ணி ஓட்டம் எண்ணிற சென்சருக்குப் போயிடும், அப்ப மிச்ச நாலும் டி2விலதான் கூடவேணும். பின்-சேஞ்ச் இன்டரப்ட் மற்றப் பின்களிலயும் கிடக்குத்தான், ஆனா அதுகள் கூட்டங்கூட்டமா ஒரே வெக்டருக்கு (ஒரே இன்டரப்ட் ஃபங்ஷனுக்கு) போறதால நீங்கள் சுத்திக்கித்தி திரும்பவும் இதே பங்குபோடுற பிரச்சினைக்குத்தான் வந்து நிப்பியள்.

பயப்பிடத் தேவையில்லை, வடிவா வேலை செய்யும். ஆனா ஒரு நிபந்தனை: அந்த லைனை ஒருத்தரும் மேல (3.3 வோல்ட்டுக்கு) தள்ளக்கூடாது. சிப் எல்லாம் ஓப்பன்-ட்ரெயினா கீழ (பூச்சியத்துக்கு) இழுக்கிறதோட நிக்கவேணும், மேல தூக்கிறது ஒரேயொரு புல்-அப் ரெசிஸ்டர்ட வேலை. மென்பொருள் பக்கத்திலயும் ஒண்டு: இன்டரப்ட் வந்ததோ எண்டு கேக்காமல் லைன் இன்னும் கீழ கிடக்கோ எண்டு கேக்கிற மாதிரி கோட் இருக்கவேணும். கீழ எழுதியிருக்கிற கோளாறுகள் முக்கால்வாசி இந்த ரெண்டில ஒண்டை விட்டதால வாறதுதான்.

கோட்டில கை வைக்க முதல் மல்ரிமீற்றரை எடுங்கோ. கறுப்பு வயரைக் கிரவுண்டில, சிவப்பை இன்டரப்ட் லைனில வையுங்கோ. சும்மா இருக்கேக்க எவ்வளவு, ஒரு சிப் கூப்பிடேக்க எவ்வளவு, ரெண்டையும் எழுதி வையுங்கோ. சும்மா இருக்கேக்க 3.3 வோல்ட், கூப்பிடேக்க 0.4க்குக் கீழ எண்டால் வயரிங் சரி, நேரா ரெண்டாவது கோளாறுக்குப் போகலாம்.

"லைன் எப்பவும் கீழயே கிடக்குது, ஒரு இன்டரப்டும் வரேல்ல"

மீற்றர் என்ன காட்டுது எண்டதை வச்சே பாதி விளங்கும்.

நடுவில எங்கயோ நிக்குது, 1.2, 1.7, 2 வோல்ட் மாதிரி எண்டால் ரெண்டு சிப் சண்டை பிடிக்குது. ஒண்டு மேல தள்ளுது, மற்றது கீழ இழுக்குது. இந்த நாலுக்கையே பாருங்கோ: எம்சிபி23017 பவர் போட்ட உடன புஷ்-புல்லாத்தான் (மேல தள்ளவும் கீழ இழுக்கவும் செய்யிற மாதிரி) எழும்பும், ஓய்வில லைனை மேல தள்ளிக்கொண்டு நிக்கும். எம்பியு6050உம் புஷ்-புல்தான், ஆனா அது ஆக்டிவ்-ஹை (கூப்பிடேக்க மேல போறது), அதால ஓய்வில லைனைக் கீழ இழுத்துக்கொண்டு நிக்கும். ரெண்டையும் அப்பிடியே ஒரு லைனில கட்டினால் ஒண்டும் நடக்காத நேரத்திலயும் ரெண்டுக்கும் இடையில கரண்ட் ஓடிக்கொண்டேயிருக்கும். சிப்பில விரலை வச்சுப் பாருங்கோ, வேலையில்லாத சிப் இளஞ்சூடா இருந்தால் இதுதான். கனநேரம் விடக்கூடாது, அவுட்புட் செத்துப்போகும்.

திருத்தம் ரெஜிஸ்டரில (சிப்புக்குள்ள அமைப்பு எழுதி வைக்கிற இடத்தில) கிடக்கு. எம்சிபி23017இல ஐஓகொன் எண்ட ரெஜிஸ்டர், ஹெக்ஸ் 0ஏ, அதுக்கு 01000100 எழுதுங்கோ. பிட் 6 ஏ பக்க இன்டரப்டையும் பி பக்க இன்டரப்டையும் ஒண்டாக்கும், பிட் 2 ஓப்பன்-ட்ரெயின் ஆக்கும். எம்பியு6050இல ஹெக்ஸ் 37 ரெஜிஸ்டருக்கு 11100000. பிட் 7 ஆக்டிவ்-லோ, பிட் 6 ஓப்பன்-ட்ரெயின், பிட் 5 லாட்ச் (பதில் சொல்லுற வரைக்கும் லைனைப் பிடிச்சு வைக்கிறது). அந்தக் கடைசி பிட் 5ஐக் கனபேர் விட்டிடுவினம். அது இல்லாட்டி எம்பியு6050 வெறும் 50 மைக்ரோசெக்கன் பல்ஸ் ஒண்டைக் குடுத்திட்டு விட்டிடும், நீங்கள் லைனைப் பாக்கேக்க அது ஏற்கனவே மேல போயிருக்கும், ஆர் கூப்பிட்டது எண்டே தெரியாது.

ஒரு சின்ன இடைவெளியும் கிடக்கு: பவர் வந்த நேரத்துக்கும் நீங்கள் இந்த ரெஜிஸ்டர்களை எழுதுற நேரத்துக்கும் இடையில சண்டை நடக்கத்தான் செய்யும். அதால ஐ2சி (சிப்புகளோட கதைக்கிற ரெண்டு வயர் பஸ்) தொடங்கின உடன முதல் வேலையா இதைச் செய்யுங்கோ, திரை, லோரா, மற்றதெல்லாம் பிறகு. இன்னும் கவனமா இருக்கோணும் எண்டால் ஒவ்வொரு புஷ்-புல் சிப்பின்ர இன்டரப்ட் காலிலயும் 470 ஓம் ஒண்டு தொடராப் போடுங்கோ.

ஓப்பன்-ட்ரெயினா மாத்தவே ஏலாத சிப்பும் இருக்கு. லோரா சிப் எஸ்எக்ஸ்1278இன்ர டிஐஓ0 எண்ட இன்டரப்ட் கால் புஷ்-புல், ஆக்டிவ்-ஹை. அதுக்கு ஒரு பிசி547 ட்ரான்சிஸ்டர் போடுங்கோ: டிஐஓ0 10கே ஊடாக பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, கலெக்டர் லைனுக்கு. தலைகீழாக்கிறதும் ஓப்பன் ஆக்கிறதும் ஒரே ட்ரான்சிஸ்டரில முடிஞ்சிடும். ஏடிஎக்ஸ்எல்345 மாதிரி ஆக்டிவ்-லோ ஆக்கலாம், ஆனா புஷ்-புல்லாவே நிக்கும் எண்ட சிப்புக்கு ஒரு ஷொட்கி டயோட் காணும், கோடு போட்ட கால் சிப் பக்கம். சாதாரண 1என்4148 டயோட் எண்டால் 0.6, 0.7 வோல்ட் விழும், 3.3 வோல்ட் போட்டில அது எல்லையில போய் நிக்கும், அதால ஷொட்கிதான்.

மீற்றர் 0.5க்கும் 0.7க்கும் இடையில காட்டினால் பவர் இல்லாத சிப் ஒண்டைத் தேடுங்கோ. பற்றரி மிச்சம்பிடிக்கவெண்டு ஒரு மொடியூல்ட பவரை நிப்பாட்டி வச்சிருப்பியள், அதின்ர இன்டரப்ட் காலுக்குள்ள இருக்கிற பாதுகாப்பு டயோட் லைனைத் தன்ர செத்த விசிசிக்கு (பவர் காலுக்கு) இழுத்துக்கொண்டு போகும். அந்த மொடியூலுக்கு எப்பவும் பவர் குடுங்கோ, இல்லாட்டி அதையும் ட்ரான்சிஸ்டர் வழியாக் கட்டுங்கோ.

சரியா பூச்சியம் எண்டால் ஏதோவொரு சிப் நேர்மையாக் கூப்பிட்டுக்கொண்டுதான் நிக்குது, நீங்கள் அதுக்குப் பதில் சொல்லேல்ல. ஒவ்வொண்டா இன்டரப்ட் வயரைக் கழட்டுங்கோ, எதைக் கழட்டேக்க லைன் மேல போகுதோ அதுதான் ஆள்.

மீற்றர் ஒரு இடத்தில நிக்காமல் அலைஞ்சுகொண்டு, வயரில விரல் பட்டால் இன்டரப்ட் மழையாக் கொட்டினால் புல்-அப்பே இல்லை. நானோவின்ர உள் புல்-அப்பை நம்பாதேங்கோ. அது 20கேயில இருந்து 50கே வரைக்கும் எதுவாகவும் இருக்கும், அதுமட்டுமில்லை, 5 வோல்ட்டுக்கு இழுக்கும், உங்கட 3.3 வோல்ட் சிப்புகளுக்கு அது ஆகாது. வெளியால 4.7கே ஒண்டு 3.3 வோல்ட்டுக்குப் போடுங்கோ, பின்னை வெறும் இன்புட்டா வையுங்கோ. 5 வோல்ட்டில ஓடுற அட்மேகா328பிக்கு (நானோவின்ர சிப்) 3 வோல்ட்டே ஹை எண்டபடியால் 3.3 மட்டுமட்டா எண்டாலும் காணும். நானோவுக்குப் பதிலா இஎஸ்பி32 போட் வச்சிருக்கிற ஆக்கள், 34இல இருந்து 39 வரைக்கும் உள்ள பின்களில உள் புல்-அப் கிடையவே கிடையாது எண்டதை மறக்காதேங்கோ.

இதோட சேர்த்து அந்த நீல டிஎஸ்3231 மொடியூலையும் பாக்கவேணும். அதிலயே 4.7கே புல்-அப்புகள் ஒட்டிக் கிடக்கு, எஸ்கியூடபிள்யூ எண்ட இன்டரப்ட் காலுக்கும் சேர்த்து, எல்லாம் மொடியூல்ட விசிசிக்குத்தான் போகுது. அதுக்கு 5 வோல்ட் குடுத்தால் மொத்த இன்டரப்ட் லைனும் 5க்கு இழுபடும். சிப் 2.3 வோல்ட்டில இருந்தே ஓடும், 3.3 குடுங்கோ. அப்பிடிக் குடுத்தால் மொடியூலில இருக்கிற புல்-அப்பே லைனுக்குக் காணும், வெளியால வேற தேவையில்லை. நாலைஞ்சு மொடியூல் ஒவ்வொண்டும் தன்ர 4.7கேயோட வந்தால் கூட்டிப் பாக்க ஒரு கே அளவுக்கு இறங்கிடும், அப்ப 3 மில்லிஅம்பியருக்கு மேல இழுக்கவேணும், டிஎஸ்3231க்கு 0.4 வோல்ட் உத்தரவாதம் 3 மில்லிஅம்பியருக்குத்தான். ஒரு புல்-அப்பை வச்சிட்டு மற்றப் புல்-அப்புகளைக் கழட்டுங்கோ.

"நல்லா ஓடிக்கொண்டிருந்தது, திடீரெண்டு பேச்சுமூச்சில்லை, பவரை நிப்பாட்டிப் போட்டால் திரும்ப ஓடுது"

எல்லாத்திலயும் பொல்லாதது இதுதான், ஏனெண்டால் மேசையில வச்சுப் பாக்கேக்க வராது, தோட்டத்தில பூட்டினாப் பிறகுதான் வரும். அந்த நேரம் மீற்றர் வச்சால் லைன் பூச்சியத்தில கிடக்கும்.

நடக்கிறது இப்பிடி. நீங்கள் அட்டாச்-இன்டரப்டில ஃபாலிங் எண்டு குடுத்திருக்கிறியள், லைன் மேல இருந்து கீழ விழுற அந்த நொடிக்குத்தான் (விளிம்பு எண்டுறது இதைத்தான்) இன்டரப்ட். மிதவைச் சுவிச் மாறுது, எம்சிபி23017 லைனைக் கீழ இழுக்குது, விளிம்பு வந்திட்டுது, கோட் போய் ஐ2சியில எம்சிபியை வாசிக்கத் தொடங்குது. 100 கிலோஹேர்ட்ஸில ஒரு ரெஜிஸ்டர் வாசிச்சு முடிய அரை மில்லிசெக்கன் அளவு போகும். அதுக்குள்ள மோட்டர் அதிர்ந்து எம்பியு6050உம் லைனைப் பிடிச்சிடுது. எம்சிபி விட்டிட்டுது, ஆனா எம்பியு பிடிச்சுக்கொண்டு நிக்குது, லைன் மேல போகவேயில்லை. மேல போகாட்டி கீழ விழவும் ஏலாது. பஸ்ஸில ஒராள் மணிக்கயிறை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க பின்னால மற்றாள் இழுத்தால் ட்ரைவருக்குப் புதுசா ஒண்டும் கேக்காது, அதேதான். இனி எந்தச் சிப் கூப்பிட்டாலும் நானோவுக்கு விளிம்பு வராது, பவரை நிப்பாட்டிப் போடுற வரைக்கும் அப்பிடியே.

திருத்தம்: இன்டரப்ட் வந்தால் ஒரு சிப்பைக் கவனிச்சிட்டுப் போகாதேங்கோ. லைன் கீழ இருக்கும் வரைக்கும் நாலையும் வரிசையா ஒவ்வொரு சுத்தும் கேளுங்கோ, லைன் மேல போனாப் பிறகுதான் வெளிய வாங்கோ. ஆர் கூப்பிட்டது எண்டு ஊகிச்சு ஒண்டைத் தாண்டிப் போறதும் கூடாது. சுத்துக்கு ஒரு எல்லை வையுங்கோ, எட்டுச் சுத்து போதும், எட்டுக்குப் பிறகும் கீழயே கிடந்தால் ஏதோ சிப் பழுது எண்டு குறிச்சிட்டு இன்டரப்டை நிப்பாட்டி 100 மில்லிசெக்கனுக்கு ஒருக்கா எல்லாத்தையும் கேக்கிற முறைக்கு மாறுங்கோ. ஒரு சிப் செத்ததுக்காகக் கிணத்து மோட்டர் வெறுங்கிணத்தில ஓடக்கூடாது.

இதுக்கு மேல ஒரு பாதுகாப்பு, நான் எப்பவும் போடச் சொல்லுறது: மெயின் லூப்பில செக்கனுக்கு ஒருக்கா, இன்டரப்ட் வந்ததோ இல்லையோ, பின் கீழ கிடந்தால் நாலையும் கேக்கிற அந்தச் சேவை ஃபங்ஷனைக் கூப்பிடுங்கோ. ரெண்டு வரிதான். தோட்டத்துக்குப் போய் பவரை நிப்பாட்டிப் போடுற வேலை மிச்சம்.

"கரண்ட் போய் வந்தால் வேலை செய்யாது"

மேல சொன்னதின்ர தம்பிதான் இது. டிஎஸ்3231க்குத் தனிப் பற்றரி இருக்கு. கரண்ட் இல்லாத நேரத்தில அலாரம் நேரம் வந்தால் அது தன்ர கொடியை உயர்த்தி வச்சிடும். கரண்ட் வரேக்க நானோ எழும்ப முதலே லைன் கீழ. நீங்கள் அட்டாச்-இன்டரப்ட் போடேக்க விழுறதுக்கு விளிம்பே இல்லை. ரீசெட் பட்டனை அமத்தினாலும் திருந்தாது, பட்டன் நானோவைத்தான் எழுப்பும், மற்றச் சிப்புகள் பழையபடியே நிக்கும். அதால செட்டப்பில இன்டரப்டைப் பூட்டின உடன, ஒருத்தரும் கூப்பிடாட்டியும், சேவை ஃபங்ஷனை ஒருக்கா ஓடவிடுங்கோ. முதல் பூட்டிட்டுப் பிறகு ஓடவேணும், மாறிச் செய்தால் நடுவில வாறது தவறிடும்.

"இன்டரப்ட் வந்த உடன போட் அப்பிடியே உறைஞ்சுபோகுது"

இன்டரப்ட் ஃபங்ஷனுக்குள்ள ஐ2சி கதைக்கிறியளோ பாருங்கோ. ஏவிஆரில (நானோவின்ர சிப் குடும்பம்) ஐ2சிக்கான வயர் லைப்ரரியே இன்டரப்டை வச்சுத்தான் ஓடுது, நீங்கள் இன்டரப்டுக்குள்ள நிக்கேக்க மற்ற இன்டரப்டுகள் மூடிக் கிடக்கும், அது முடியிற வரைக்கும் இது காத்திருக்கும், இது முடியிற வரைக்கும் அது காத்திருக்கும். உள்ள ஒரு வொலட்டைல் கொடியை (இன்டரப்ட் வந்ததெண்டு குறிக்கிற ஒரு மாறியை) ஏத்திறதோட நிறுத்துங்கோ, மிச்சம் லூப்பில.

ஃபாலிங்க்குப் பதிலா லோ எண்டு மட்டத்துக்குப் போட்டிருந்தால் வேற மாதிரி உறையும். லைன் கீழ கிடக்கிற வரைக்கும் இன்டரப்ட் திருப்பித் திருப்பி வரும், ஏவிஆரில ஒவ்வொரு இன்டரப்டுக்கும் இடையில மெயின் கோட்டில ஒரேயொரு கட்டளைதான் ஓடும், போட் நடக்கிறதே தெரியாது. இஎஸ்பி32இல எண்டால் இன்டரப்ட் வாட்ச்டோக் (உறைஞ்சால் பிடிக்கிற காவல்) கடிச்சு ரீஸ்டார்ட் ஆகும். மட்டம் பிழையான தெரிவில்லை, உண்மையில பங்குபோடுற லைனுக்கு அதுதான் சரியான தெரிவு. பழைய கம்பியூட்டர்களின்ர ஐஎஸ்ஏ பஸ்ஸில விளிம்பு வச்சுப் பட்டபாட்டுக்குப் பிறகுதான் அடுத்து வந்த பிசிஐ பஸ்ஸில ஆக்டிவ்-லோ, ஓப்பன்-ட்ரெயின், மட்டம் எண்டு வந்தது. ஆனா மட்டம் எண்டால் இன்டரப்டுக்குள்ள போன உடன அந்த இன்டரப்டையே மூடவேணும், லூப்பில எல்லாரையும் கவனிச்சு முடிச்சுத்தான் திறக்கவேணும்.

"இன்டரப்ட் வருது, நாலையும் கேட்டால் நாலும் நானில்லை எண்டுது"

சிலவேளை அது மெய்யாவே ஒருத்தருமில்லை. மோட்டர் கொன்டாக்டர் (மோட்டரைப் போட்டு நிப்பாட்டிற பெரிய சுவிச்) அடிக்கேக்க பக்கத்தில போற வயரில ஒரு துள்ளல் வரும். இன்டரப்ட் லைனைப் பெட்டிக்குள்ளயே கட்டையா வையுங்கோ, கொன்டாக்டர் வயரோட சேர்த்துக் கட்டாதேங்கோ, தேவையெண்டால் லைனுக்கும் கிரவுண்டுக்கும் 1 நானோஃபரட். அதுக்கு மேல கூட்டினால் லைன் மேல ஏற நேரமெடுக்கும், சிப் விட்டாப் பிறகும் கோட் கீழ எண்டு வாசிக்கும்.

மற்றச் சிலவேளை ஆரோ முன்னமே வாசிச்சிட்டினம். எம்சிபி23017இல பின்களின்ர நிலையைச் சொல்லுற ஜிபிஐஓ ரெஜிஸ்டரை வாசிச்சாலே இன்டரப்ட் அழிஞ்சிடும். லூப்பில வேறெங்கயோ பட்டன் பாக்கவெண்டு லைப்ரரியின்ர டிஜிட்டல்-ரீட் போட்டிருப்பியள், அது சத்தமில்லாமல் சாட்சியை அழிச்சிடும். சேவை ஃபங்ஷனுக்குள்ள மட்டும் வாசியுங்கோ, முதல் இன்ட்எஃப் (எந்தப் பின் கூப்பிட்டது), பிறகு இன்ட்கப் (அந்த நேரத்து நிலை), ஏ பக்கமும் பி பக்கமும். எம்சிபிக்குப் பதிலா பிசிஎஃப்8574 பாவிக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு: இன்புட் பழைய நிலைக்குத் திரும்பினால் அது தானாவே இன்டரப்டை விட்டிடும், அதால பட்டனைத் தட்டிட்டு விட்டால் நீங்கள் போய்ச் சேரேக்க ஒண்டும் இராது. கோட் இந்த "ஒருத்தருமில்லை"யை ஒரு எண்ணில கூட்டி வச்சிட்டுப் பேசாமல் போகவேணும்.

ஐ2சி முகவரியையும் ஒருக்கா பாருங்கோ. டிஎஸ்3231உம் எம்பியு6050உம் ரெண்டுமே ஹெக்ஸ் 68. மாத்தேல்ல எண்டால் ஒராளைக் கேட்க ரெண்டு பேரும் பதில் சொல்லுவினம். எம்பியுவின்ர ஏடி0 காலை 3.3க்குக் கட்டினால் அது 69க்குப் போயிடும்.

"ஒரு சிப்பை மட்டும் அழிச்சாலும் அழியுதில்லை, இல்லாட்டி இடைக்கிடை அலாரம் தவறுது"

ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு விதமா அழியும். எம்பியு6050இல ஹெக்ஸ் 3ஏ வாசிச்சால் அழியும். லோராவில ஹெக்ஸ் 12இல அந்தப் பிட்டுக்கு 1 எழுதினால்தான் அழியும். டிஎஸ்3231இல ஹெக்ஸ் 0எஃப்இல 0 எழுதினால்தான் அழியும், வாசிச்சால் அழியாது.

டிஎஸ்3231இல ரெண்டு அலாரமும் பாவிக்கிறியள் எண்டால் இதைக் கவனமா வாசியுங்கோ. எல்லாரும் செய்யிறது ரெஜிஸ்டரை வாசிச்சு, பிட் 0ஐப் பூச்சியமாக்கி, திருப்பி எழுதிறது. வாசிக்கேக்க பிட் 1 பூச்சியம், எழுத முதல் ரெண்டாவது அலாரம் அடிக்குது, நீங்கள் எழுதின பூச்சியம் அதையும் அழிச்சிடும், அண்டைக்குப் பின்னேரம் தண்ணி போகாது. அந்தச் சிப்பில கொடிப் பிட்டுக்கு 1 எழுதினால் ஒண்டும் மாறாது. அதால அழிக்க விரும்பிறதுக்கு மட்டும் 0, மற்றக் கொடிக்கு எப்பவும் 1 போட்டு எழுதுங்கோ. வாசிக்கிறதுக்கும் எழுதிறதுக்கும் இடையில வாற பிரச்சினையே இல்லாமல் போயிடும்.

எம்சிபி23017 வாசிச்ச உடன திரும்பவும் கீழ இழுக்குது எண்டால் இன்ட்கொன் ரெஜிஸ்டரைப் பாருங்கோ. டிஃப்வால் ரெஜிஸ்டரில போட்ட நிலையோட ஒப்பிடுற முறையில போட்டிருந்தால் மிதவை அந்த நிலையில நிக்கிற வரைக்கும் இன்டரப்ட் விடாது, தாங்கி நிரம்பிக் கிடக்கிற முழு இரவும் லைன் அதின்ர கையில. இன்ட்கொன் பிட்டுகளைப் பூச்சியமாக்கி, மாற்றம் வந்தால் மட்டும் கூப்பிடுற முறைக்கு மாத்துங்கோ.

"நித்திரைக்குப் போன நானோ எழும்புதில்லை"

பவர்-டவுன் நித்திரையில அட்மேகா328பியை எழுப்ப டி2வில தாழ்ந்த மட்டம் வேணும், அதுவும் எழும்பி முடியிற வரைக்கும் நிக்கவேணும். 16 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டல் ஓடி நிலைக்கு வர 16 ஆயிரத்துச் சொச்சம் சுத்து எண்டு வச்சிருந்தால் அது ஒரு மில்லிசெக்கன், எம்பியுவின்ர 50 மைக்ரோசெக்கன் பல்ஸ் எங்க காணும்? லாட்ச் பிட் இங்கயும் கைகுடுக்கும். நித்திரைக்கு விட முதல் லைன் மேல இருக்குதோ எண்டு பாத்திட்டு விடுங்கோ.

கடைசியா, டி3இல விட்ட அந்தத் தண்ணி ஓட்டச் சென்சரை இந்தக் கூட்டத்துக்குள்ள சேர்க்கச் சொல்லி ஆரும் கேட்டால் ஓமெண்டு சொல்லாதேங்கோ. அதுக்கு அழிக்கிற ரெஜிஸ்டரும் இல்லை, ஆரெண்டு கேட்டால் பதிலும் இல்லை, ஒவ்வொரு பல்ஸும் எண்ணப்படவேணும், மற்றச் சிப் லைனைப் பிடிச்சிருக்கிற நேரத்தில வந்த பல்ஸ் போனது போனதுதான். பின் காணாட்டி இன்னொரு எம்சிபி23017 போட்டுப் பட்டன்களை அங்கால தள்ளுங்கோ, பல்ஸ் எண்ணிற பின்னில ஒருத்தரையும் கூட்டுச்சேர்க்காதேங்கோ.